மூச்சுக் குழாய் எங்கே போய் முடிகிறது?

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். பிறகு நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஸ்ராட் பண்ணிச் சத்தம் கேட்பார்கள். எஞ்சினுக்குக் கீழே குனிந்து, அங்கே தொங்கும் கறுப்பு றப்பர்க் குழாய்களைப் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. அந்தக் குழாய்களில் இரண்டைப் பற்றியதே இந்தக் கட்டுரை. ஒன்று, எஞ்சின் மூச்சு விடும் குழாய். மற்றது, காற்றுப்பெட்டியின் அடியில் தேங்குவதை வடிக்கும் குழாய். இரண்டும் சில பவுண்களுக்கு வாங்கக் கூடியவை. ஆனால் அவை பிழையான இடத்தில் முடிந்தால் ஓடுகிறவனின் உயிருக்கே ஆபத்து என்பதை அனுபவத்தில் கண்டபடியால் எழுதுகிறோம்.

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த எங்கள் குடும்பங்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள் விளையாட்டுச் சாமான் அல்ல. காலை ஆறு மணி வேலைக்கு ஐந்தரைக்கு வெளிக்கிட வேண்டும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. கார் வாங்கினாலும் இன்சூரன்ஸ் கட்டி முடியாது. 17 வயது வந்தவர் தற்காலிக லைசென்ஸ் எடுத்து, சி.பி.ரி. என்ற அடிப்படைப் பயிற்சியை முடித்தால் 'எல்' பலகை கட்டி 125 சீசீ வரையான வண்டியை ஓடலாம். அந்தச் சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதனால் வேலைக்குப் போகும் தகப்பன்மாரும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் பழைய 125 ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

நாங்களும் அப்படித்தான். ஒரே வீட்டில் அறை எடுத்திருக்கும் நாங்கள் மூன்று பேர், ஒரே தொழிற்சாலையில் மூன்று ஷிவ்றில் வேலை செய்கிறோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள். காலை ஆறு மணிக்கு ஒருவர் ஓடிக்கொண்டு போவார். இரவு வேலை முடித்தவர் அதே வண்டியில் வீட்டுக்கு வருவார். பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இதே கைமாற்றம். திறப்பைத் தொழிற்சாலை வாசலில் வைத்துக் கொடுப்போம். நாலு மைல் போக, நாலு மைல் வர. ஒரு நாளில் ஆறு சின்ன ஓட்டம். இந்தக் கணக்கை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும்.

வண்டி வாங்கி மூன்றாம் கிழமை, மழை பெய்த ஒரு விடியற்காலையில், சுற்றுவட்டத்தில் இடப்பக்கம் சரிந்து திரும்பும்போது பின் சில்லு வழுக்கியது. வேகம் குறைவாக இருந்தபடியால் கால் ஊன்றித் தப்பியாயிற்று. பின்னால் லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை வெளிச்சத்தில் பார்த்தால் பின் ரயரின் இடது ஓரம் எண்ணெய் பூசினதுபோல மினுங்கியது. திருத்துகிற இடமொன்றில் காட்டினோம். எஞ்சின் முடிந்துவிட்டது, கழற்றிச் செய்ய வண்டியின் விலையை விடக் கூடச் செலவாகும் என்றார்கள். மூன்று பேரும் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்தோம்.

அன்று பின்னேரம், சுன்னாகத்தில் முன்பு கராஜ் வைத்திருந்த அண்ணை ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. நிலத்தில் ஒரு கடதாசி மட்டையை விரித்துப் படுத்து, ரோச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் குழாய் எங்கை போய் முடியுது எண்டு பாத்தனீங்களோ?"

எஞ்சினின் மேற்பக்கத்தில் தொடங்கிய குழாய் ஒன்று ஒரு சாணுக்குள்ளேயே வெட்டப்பட்டு, பின் ரயருக்கு நேர் முன்னால் தொங்கியது. எங்களுக்கு முந்தி வண்டியை வைத்திருந்த யாரோ ஒருவர் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று காற்றுப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, காபரேற்றரின் வாயில் சின்னப் பில்ற்றர் ஒன்றைக் கொளுவி விட்டிருக்கிறார். பெட்டிக்குள் போகவேண்டிய குழாய்க்குப் போக இடமில்லை. வெட்டி விட்டுவிட்டார். எஞ்சின் விட்ட மூச்சில் வந்த ஓயில் ரயரில் துமித்துக்கொண்டிருந்தது.

"எஞ்சின் ஏன் மூச்சு விட வேணும்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அதற்கு அண்ணை சொன்ன விளக்கத்தையும், பிறகு நாங்கள் திருத்தும் புத்தகங்களில் பார்த்து விளங்கிக்கொண்டதையும் சேர்த்துத் தருகிறோம்.

பிஸ்ரன் மேலே போய்க் கீழே வரும்போது அதற்கு மேலுள்ள இடத்தில் மட்டும் வேலை நடப்பதாக நினைக்கிறோம். கீழேயும் நடக்கிறது. 125 சீசீ ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்ரன் ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது, அதற்குக் கீழேயுள்ள கிராங்கேஸ் என்ற எஞ்சின் வயிற்றில் 125 சீசீ காற்றை அமுக்குகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் இது ஒரு செக்கனுக்கு 100 தடவை நடக்கும். நிமிடத்துக்கு 750 லீற்றர் காற்று அந்த வயிற்றுக்குள் முன்னும் பின்னும் அலைகிறது என்று கணக்கு வரும். இது போதாதென்று, மேலே வெடிக்கும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே நழுவும். புது எஞ்சினிலும் நழுவும்; தேய்ந்த எஞ்சினில் கூட நழுவும். இந்தக் காற்று வெளியே போக வழி வேண்டும்.

"மனிசனுக்கு மூக்கடைச்சால் வாயாலை மூச்சு விடுவான். எஞ்சினுக்கு வாய் இல்லை. எங்கை சீல் பலவீனமோ அங்கையாலை விடும்" என்றார் அண்ணை.

இது உண்மை. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன், குழாயால் ஓயில் ஒழுகுகிறது என்று அதன் வாயில் போல்ட் ஒன்றை இறுக்கிவிட்டான். ஒழுக்கு நின்றது. இரண்டு நாளில் கியர் பக்கத்துச் சீலைத் தள்ளிக்கொண்டு ஓயில் செயின் மேல் கொட்டியது. குழாயை அடைப்பது வைத்தியம் அல்ல.

எல்லா எஞ்சினும் ஒரே அளவில் மூச்சு விடுவதில்லை. பழைய ட்ரையம்ப் 650 இல் இரண்டு பிஸ்ரனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆகவே 650 சீசீயும் ஒரே நேரத்தில் அமுங்கும். முந்திய மாடல்களில் கூரிய கணக்கோடு திறந்து மூடும் சுழல் தட்டு ஒன்று இதற்கென இருந்தது. 1970 மாடலில் அதை விட்டு, மூச்சைச் செயின் பெட்டி வழியாக எடுத்து, தடித்த குழாய் ஒன்றால் பின் மட்காட் வரை கொண்டுபோனார்கள். பி.எம்.டபிள்யூ.வின் பொக்சர் எஞ்சினில் இரண்டு பிஸ்ரனும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அமுக்கம் இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, ஒரே நேரத்தில் வெளியே போகின்றன. ஆகவே அங்கேயும் முழு அளவும் அமுங்கும். அதற்காக மேலே ஒருவழி வால்வு வைத்திருக்கிறார்கள். ஒருவழி வால்வு வெளியே விடும், உள்ளே எடுக்காது. அதனால் வயிற்றில் அமுக்கம் கூடாமல் நிற்கிறது, ஓயில் கசிவும் குறைகிறது. பழைய வண்டிகளில் இதற்கு வாத்துச் சொண்டு போன்ற சப்பை றப்பர்த் துண்டு ஒன்றையும் காணலாம். அது காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

முந்திய காலத்தில் இந்த மூச்சை றோட்டுக்கே விட்டார்கள். அதில் புகையும் ஓயிலும் எரியாத பெற்றோலும் கலந்திருக்கும். அமெரிக்காவில் 1978 மாடலிலிருந்து புதிய மோட்டார் சைக்கிள்கள் இதை வெளியே விடக்கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கேற்ப யப்பானியக் கொம்பனிகள் மூச்சுக் குழாயைக் காற்றுப்பெட்டிக்குள் கொண்டுபோய் விட்டன. எஞ்சின் தான் விட்ட மூச்சைத் தானே திரும்ப இழுத்து எரிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மூச்சோடு வரும் ஓயிலும் தண்ணீரும் பெட்டியின் அடியில் தேங்கும். அதை வடிக்கத்தான் இரண்டாவது குழாய்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சரால் போய்விடும். சிறு பங்கு றிங்கைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த ஆவி மூச்சோடு வெளியேறும். சூடாக முந்தியே நிறுத்தினால் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி ஓயிலோடு கலக்கும். ஓயில் மூடியைத் திறந்தால் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் களி ஒட்டியிருக்கும். நாலு மைல் ஓட்டம் ஆறு தரம் என்று மேலே சொன்ன கணக்கு இதற்குத்தான். எங்கள் வண்டி ஒரு நாளில் 24 மைல் ஓடியும் மாரியில் ஒருதரமாவது முழுச்சூடு ஏறியதில்லை.

அந்தக் களியைக் கண்டு பயப்பட வேண்டாம். காற்றால் குளிரும் எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடுவதில்லை. ஆகவே அது பெரும்பாலும் இந்த ஆவிதான். கிழமையில் ஒரு நாள் அரை மணித்தியாலம் ஒரே மூச்சில் ஓடினால் குறையும். நாங்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்து ஓடுகிறோம். றேடியேற்றர் உள்ள வண்டியில் களி கண்டால் மட்டும் திருத்துபவரிடம் காட்டத்தான் வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் கொம்பிறசர் இருக்கிறது. காற்றைக் கொண்டுபோகும் குழாய்களைச் சரிவாகவே போட்டிருக்கிறார்கள். பள்ளம் விழும் இடத்தில் வடிகால் வைத்து, ஷிவ்ற் தொடங்கும்போது திறந்து தண்ணீரை விடுவோம். எங்கே குழாய் தொய்கிறதோ அங்கே தண்ணீர் நிற்கும். மோட்டார் சைக்கிளிலும் இதே சட்டம்தான். மூச்சுக் குழாய் நடுவில் ஊஞ்சல் போலத் தொய்ந்திருந்தால் அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கும். தை மாதக் குளிரில் அது உறைந்தால் யாரோ போல்ட் இறுக்கியதற்குச் சமம்.

இனி, குழாயை எப்படிக் கொண்டுபோவது என்பது.

முதலாவது, கொம்பனி வைத்த வழி இருந்தால் அதை மாற்ற வேண்டாம். காற்றுப்பெட்டி உள்ள வண்டியில் பெட்டிக்குள்ளேயே விடுங்கள். பெட்டியைக் கழற்றினால் குழாய் அநாதையாவது மட்டுமல்ல, காபரேற்றரின் அளவும் குழம்பும். எங்கள் வண்டிக்குப் பழைய வண்டி உடைத்து விற்கும் இடத்தில் அதே பெட்டியைத் தேடி வாங்கிப் பூட்டினோம்.

இரண்டாவது, வெளியே விடும் பழைய வண்டியானால், குழாய் எஞ்சினிலிருந்து முதலில் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். காற்றோடு வரும் ஓயில்துளி அந்த ஏற்றத்தில் திரும்பி உள்ளே வடியும். பிறகு சட்டத்தோடு பின்னோக்கிப் போய், இடையில் எங்கும் தொய்யாமல் சரிந்து இறங்க வேண்டும். முடிவு பின் ரயருக்கு முன்னால் இருக்கக் கூடாது. ரயரைத் தாண்டிப் பின்னால், அல்லது ஓயில் காற்றில் அடிபட்டாலும் ரயரிலோ பிறேக்கிலோ படாத இடத்தில் முடிய வேண்டும். சூடான சைலன்சரில் முட்டக் கூடாது. செயினில் உரசக் கூடாது. நுனியைச் சரிவாக வெட்டினால் எங்காவது முட்டினாலும் வாய் முழுதாக அடைபடாது.

மூன்றாவது, குழாயின் உள் அகலம் எஞ்சினிலுள்ள மூக்கின் அளவாகவே இருக்க வேண்டும். கையில் கிடைத்த ஒடுக்கக் குழாயைப் பூட்டுவது மூக்கைப் பொத்துவதற்குச் சமம். மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் குழாய் சூட்டில் இளகி மடியும், குளிரில் விறைத்து வெடிக்கும். ஓயிலுக்கும் பெற்றோலுக்கும் தாங்கும் றப்பர்க் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்ரிக் கட்டு நாடாவால் கட்டும்போது நெரித்துக் கட்ட வேண்டாம். கட்டி முடிந்ததும் ஒருவரை ஏற்றி இருத்தி, சீற் அமுங்கும்போது குழாய் எங்காவது நெரிபடுகிறதா என்று பாருங்கள்.

நாலாவது, காற்றுப்பெட்டியின் வடிகுழாய். இதன் நுனியில் மூடி இருக்கும். சிலதில் வாத்துச் சொண்டு றப்பர் இருக்கும். மூடி துலைந்திருந்தால், பில்ற்றரைத் தாண்டிய பக்கத்துக் குழாயானால், எஞ்சின் அதனூடாகத் தூசியையும் மழைத் தண்ணீரையும் நேரே உறிஞ்சும். மூடி இருந்தும் ஒருநாளும் திறக்காவிட்டால், ஓயிலும் தண்ணீரும் ஏறிப் பில்ற்றரை ஊறப் பண்ணும். பிறகு வண்டி இழுக்காது, கறுப்புப் புகை விடும். ஹொண்டாவின் பல மாடல்களில் இந்தக் குழாயின் ஒரு பகுதி கண்ணாடிபோல இருக்கும். அதில் கசடு தெரிந்தால் மூடியைக் கழற்றி வடித்துத் திரும்பப் பூட்ட வேண்டும் என்றும், மழையில் ஓடினால், முழு வேகத்தில் ஓடினால், கழுவினால், வண்டி விழுந்தால் அடிக்கடி பார்க்க வேண்டும் என்றும் அவர்களுடைய திருத்தும் புத்தகத்திலேயே இருக்கிறது. வடித்ததைக் கானுக்குள் ஊற்ற வேண்டாம். போத்தலில் சேர்த்து, கவுன்சிலின் குப்பை சேர்க்கும் நிலையத்தில் பழைய எஞ்சின் ஓயில் எடுக்கும் தொட்டியில் ஊற்றுங்கள்.

கீழே தொங்கும் எல்லாக் குழாயும் மூச்சுக் குழாய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காபரேற்றரின் அடியிலிருந்து வருவது மேலதிகப் பெற்றோல் வழிய. அதால் பெற்றோல் சொட்டினால் மிதவை ஊசி பிடிக்கவில்லை என்று அர்த்தம். உடனே பார்க்க வேண்டும். காபரேற்றரின் பக்கத்தில் உள்ளது அதற்குக் காற்று எடுக்க. அதை அடைத்தால் வண்டி கொஞ்சத் தூரம் ஓடி நின்றுவிடும். தண்ணி ஊற்றும் பழைய பற்றரியிலிருந்து வரும் மெல்லிய குழாயில் அசிற் வரும். அது செயினிலோ சட்டத்திலோ சொட்டாமல் தனியே கீழே போக வேண்டும், நெரிபடவும் கூடாது. இவற்றில் எதையும் ஒன்றோடொன்று தொடுக்க வேண்டாம். தெரியாத குழாயை வெட்ட முந்தி, அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக்கொண்டு போங்கள்.

மூச்சுக் குழாய் எஞ்சினின் சுகத்தையும் சொல்லும். வண்டி சூடான பிறகு, நின்ற நிலையில் மெல்ல ஓடவிட்டு, குழாயின் நுனியில் கையைப் பிடித்தால் ஒற்றைச் சிலிண்டரில் விட்டு விட்டு மூச்சு அடிக்கும். அது சரி. நிற்காமல் நீலப் புகை தள்ளினால் றிங் தேய்ந்திருக்கிறது. அண்ணை இதை எங்களுக்குக் காட்டும்போது ஊர்க் கதை ஒன்றும் சொன்னார். 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது றிங்கைத் தாண்டி ஓயிலோடு கலந்து ஓயிலைத் தண்ணியாக்கும். "ஓயில் குறையிறதுக்குப் பதிலாக் கூடும், தம்பி. சனம் சந்தோசப்படும். நான் மூச்சுக் குழாயை மணந்து பாத்திட்டு, ஓயிலை மாத்து எண்டு சொல்லுவன்" என்றார். எம்.டி. 90 முதல் எத்தனையோ வண்டிகளின் ஆயுளை அந்தக் குழாயின் மணத்தை வைத்தே காப்பாற்றிய மனிதர் அவர். இங்கே வந்து பல வருடங்களாக ஒரு குளிர்க்களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார்.

எங்கள் வண்டியின் எஞ்சின் முடியவில்லை. பழைய பெட்டி ஒன்று, ஒரு முழக் குழாய், புதுப் பில்ற்றர், புதுப் பின் ரயர். ஓயில் ஊறிய ரயரைக் கழுவிப் பாவிக்க வேண்டாம் என்று அண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த ரயர்தான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. அதன்பின் இரண்டு மாரி ஓடிவிட்டது.

பிள்ளைகளுக்குப் பழைய வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மூன்று வருடம் கடந்த வண்டிக்கு இங்கே வருடாவருடம் எம்.ஓ.ரி. சோதனை உண்டு. ஆனால் 40 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 ஆம் ஆண்டிலிருந்து அந்தச் சோதனை கட்டாயமில்லை. அதாவது, மிகப் பழைய வண்டியைத்தான் வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். சோதனை உள்ள வண்டியையும் வருடத்தில் ஒரு நாள்தான் பார்ப்பார்கள். மற்ற 364 நாளும் வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் நிலத்தில் மட்டை விரித்துக் குனியுங்கள். பின் ரயரின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவுங்கள். வடிகுழாயின் மூடியைக் கழற்றி வடியுங்கள். மூச்சுக் குழாயைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாருங்கள். பத்து நிமிட வேலை. மகன் கையெல்லாம் கரியாக இதைச் செய்துகொண்டிருந்தால் ஏசாமல், ஒரு பழந்துணியைக் கொடுத்து, ரோச்சையும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.